மூக்கில்லாத மூன்று மாதங்கள்

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. சண்டை போட்டுத்தான் பழக்கம். அதனால் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய் சொல்ல வேண்டி வந்தபோது அதை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் மூன்று மாதம் இழுத்துக்கொண்டு போனேன்.

ஜூன் மாதம், மழை பிடித்த வாரம். மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் எழுந்து பல் தேய்த்தேன், பேஸ்ட்டில் வாசனையே இல்லை. கடைக்காரன் பழைய சரக்கைத் தள்ளிவிட்டான் என்று திட்டினேன். சோப்பிலும் இல்லை. கற்பூர டப்பாவைத் திறந்து மூக்கில் ஒட்டிக்கொள்கிற மாதிரி வைத்து இழுத்தேன். குளிர்ச்சி மட்டும் ஜில்லென்று ஏறியது. மற்றவர்களுக்கு மூக்கு போனால் ஒரு சங்கடம், அவ்வளவுதான். எனக்குப் பிழைப்பே மூக்கு.

அந்தப் பிழைப்பு எனக்குக் கிடைத்த விதமும் சண்டைதான். தலைமுறைகளாக மலையாள நாட்டிலேயே குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. ஸ்ரீவராகத்தில் எங்கள் தெரு முனையில் பூட்டிக் கிடந்த ஒரு அரிசிக் கிடங்கை, கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு மலையாளி வாடகைக்கு எடுத்தார். என் பிள்ளை வயது, ஆனாலும் பின்னால் எனக்குச் சம்பளம் கொடுத்தவர், மரியாதையாகத்தான் எழுத வேண்டும். காப்பிக்கொட்டை வறுக்கும் மெஷின் போட்டார். இங்கே வறுத்து, சாஸ்தமங்கலத்தில் ஒன்று, ஸ்டாச்சு பக்கம் ஒன்று, கழக்கூட்டத்தில் ஒன்று என்று தன்னுடைய மூன்று கஃபேக்களுக்கு அனுப்புவார். வறுக்கிற புகை நேராக என் அடுக்களைக்கு வரும். ஒரு நாள் பொறுத்தேன், இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் பின்கட்டுச் சுவர் வழியாக, "அரை நிமிஷம் ஜாஸ்தியாயிடுத்து, எடுங்கோ" என்று கத்தினேன். மறுநாள், "இன்னும் வேகலை, அவசரப்படாதேள்." அதற்கடுத்த நாள், "இது வேற தோட்டத்துக் கொட்டைன்னா, இதுக்கு ஏன் அந்தச் சூடு?" ஆறாம் நாள் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன். அவர், "மாமி, நாளை தொட்டு வேலைக்கு வரணும், கேட்டோ" என்றார். சண்டை இல்லை, நாளையிலிருந்து எனக்கு வேலை.

வேலை இதுதான். ஒவ்வொரு தடவை வறுத்ததும் அதில் ஒரு பிடியை அரைத்து வரிசையாகக் கிண்ணங்களில் போட்டு வெந்நீர் ஊற்றுவார்கள். நாலு நிமிஷம் கழித்து மேலே கட்டியிருக்கிற ஆடையைக் கரண்டியால் உடைத்து முகர வேண்டும். பிறகு கரண்டியில் எடுத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி உறிஞ்சி, கோளாம்பியில், அதாவது எச்சில் பாத்திரத்தில், துப்ப வேண்டும். உதட்டில் டம்ளர் படாமல் தூக்கிக் குடித்து வளர்ந்தவள் நான். உறிஞ்சித் துப்புவதற்குச் சம்பளம் வாங்குகிறேன் என்று தெரிந்தால் என் மாமியார் மேலேயிருந்து இறங்கி வந்திருப்பார். நான் முகத்தைச் சுளித்தால் அந்தச் சரக்கு கஃபேக்குப் போகாது. தலையாட்டினால் போகும். போகிற சரக்குக்கு என்னென்ன மணம் என்று நான் ஒரு அட்டையில் எழுதித் தருவேன். கஃபேயில் அந்த அட்டையைக் கப்போடு கூடவே வைப்பார்கள்.

அந்த நாற்காலி எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொன்னால்தான் மீதி விளங்கும். இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில், "நீ என்ன நினைக்கறே?" என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. இங்கே நான் முகத்தை ஒரு நூல் அசைப்பதற்காக நாலு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. எனக்கு மணம் தெரியவில்லை என்று சொன்னால் மறுநாளே, "மாமி, ரெஸ்ட் எடுங்கோ" என்பார்கள். அந்த ரெஸ்ட்டுக்குப் பிறகு யாரும் திரும்பக் கூப்பிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ரகசியமாக ஒரு மூக்கு டாக்டரைப் பார்த்தேன். "வந்தாலும் வரும், வராமலும் இருக்கும்" என்றார். இதைச் சொல்ல எதற்குப் படிப்பு என்று கேட்க நினைத்தேன். நீல மூடி போட்ட ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அதைத் துவரம்பருப்பு டப்பாவில் ஒளித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

நாக்கு இருந்தது. புளிப்பு, கசப்பு, தித்திப்பு தெரியும். மிச்சத்துக்கு என்ன செய்வது? முதல் நாள் ஆடையை உடைத்தேன், குனிந்தேன், கண்ணை மூடினேன். ஒன்றுமில்லை. பச்சைத் தண்ணீர் மேல் குனிந்த மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்தால் எதிரே ஜன்னலோரத்தில் பாக்கெட் ஒட்டுகிற பெண் உட்கார்ந்திருந்தாள். தென்காசிப் பக்கத்துக்காரி, கணவனோடு பிழைக்க வந்தவள், முப்பது வயதிருக்கும். முதல் கிண்ணத்தின் ஆவி அவள் பக்கம் போனதும் லேசாக மூச்சை உள்ளே இழுத்தாள். இரண்டாவது போனபோது முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனாள். நான் முதல் கிண்ணத்தைத் தள்ளி வைத்து, "இது போகட்டும்" என்றேன். இரண்டாவதைக் காட்டி உதட்டைப் பிதுக்கினேன். முதலாளி அதை ஒரு தடவை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "கரெக்ட்" என்றார். அன்றிலிருந்து நாற்காலியை அவளுக்கு நேர் எதிரே திருப்பிப் போட்டுக்கொண்டேன். வெளிச்சம் வேண்டும் என்று காரணம் சொன்னேன்.

அட்டைதான் சிக்கல். முன்பெல்லாம் ஆரஞ்சுத் தோல், வெல்லப்பாகு என்று மணத்ததை எழுதுவேன். இப்போது ஒன்றும் மணக்கவில்லை, ஞாபகத்திலிருந்துதான் எழுத வேண்டும். சும்மா எழுதுகிறோம், கஞ்சத்தனம் எதற்கு என்று ஒரு தைரியமும் வந்துவிட்டது. "இஸ்திரி போட்ட வேஷ்டி" என்று எழுதினேன். "பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்குப் பிரித்த நோட்டுப் புத்தகம்." "மழை விட்ட பிறகு கோயில் பிரகாரத்துக் கல்." சாஸ்தமங்கலத்தில் ஒரு பெரியவர் வேஷ்டிக் காப்பியைக் குடித்துவிட்டு, அப்பாவை நினைத்துக் கண் கலங்கினாராம். கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் பிள்ளைகள் நோட்டுப் புத்தகம் தீர்ந்துபோனதென்று கோபப்பட்டார்களாம். ஒரு பெண், நோட்டு கோடு போட்டதா போடாததா என்று கேட்டு அனுப்பியிருந்தாள். கோடு போட்டது என்று பதில் அனுப்பினேன். பிறகென்ன செய்வது?

ஒரு நாள் எனக்கே வெறுத்துப்போய், உள்ளதை உள்ளபடி "காலி டப்பா" என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் நான் எழுதிய ஒரே உண்மை அதுதான். அதற்குத்தான் கிராக்கி அதிகம். முதலாளி காலி டப்பாவைத் தனிப் பாக்கெட்டாகவே போட்டார். ஸ்டாச்சு கஃபேயில் இரண்டு பேர், அது தகர டப்பாவா மர டப்பாவா என்று சண்டையே போட்டுக்கொண்டார்களாம்.

பேர் ஏற ஏற நான் வாயைத் திறப்பதைக் குறைத்துக்கொண்டேன், உளறிவிடுவேனோ என்ற பயத்தில். அதற்கும் மதிப்பு கூடியது. வேற்றூரிலிருந்து காப்பி ருசி பார்க்கிற ஒருவர் வந்து என் எதிரே உட்கார்ந்தார். எட்டுக் கிண்ணத்துக்கும் அவர் ஏதேதோ சொன்னார். நான் எட்டுக்கும் பாக்கெட் பெண்ணைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஏழாவதில் அவள் தும்மினாள். நான் ஏழாவதைக் கோளாம்பிப் பக்கம் நகர்த்தினேன். அவர் மறுபடி உறிஞ்சிப் பார்த்து, "அய்யோ, ஆமாம், பூஞ்சை" என்று என்னைக் கும்பிட்டார். அது பூஞ்சையா, அவளுக்குச் சளியா, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஓணம் நெருங்கியபோது வீட்டில் விசித்திரங்கள் தொடங்கின. என் கணவர் தபாலாபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். திடீரென்று கொட்டுகிற மழையிலும் ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தார். காலையும் மாலையும் சாம்பிராணி போட்டார். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்தேன். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக் குழாயடிக்குப் போய்ச் சாப்பிட்டார். ஏன் என்று கேட்டால், "காத்து" என்றார். ஒரு நாள் சாம்பிராணிப் புகைக்கு நடுவில் நின்றுகொண்டு என்னைக் கேட்டார்.

"உனக்கு ஏதாவது மணக்கறதோ?"

கண்டுபிடித்துவிட்டாரோ? புகைதான் கண்ணுக்குத் தெரிகிறதே, "சாம்பிராணியாக்கும். நன்னா இருக்கு" என்றேன்.

"வேறெ?"

"வேறெ ஒண்ணுமில்லை."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமை லைப்ரரிக்கு என்று கிளம்பிப் போனார். லைப்ரரியில் அவருக்கு என்ன வேலை? பேப்பர் படிக்கவே கண்ணாடி தேடுகிறவர். வந்து உட்கார்ந்து, சமையல் கேஸ் புத்தகம் இங்கே இருக்கிறது, இன்ஷூரன்ஸ் காகிதம் இங்கே, கரண்ட் பில் போனில் கட்டுவது இப்படி என்று எனக்குப் பாடம் நடத்தினார். "காசிக்குப் போறேளா?" என்று கேட்டேன். "போனாலும் போவேன்" என்றார். போங்கோ, எனக்கென்ன என்று விட்டுவிட்டேன். என் கவலை எனக்கு.

அடுத்த வீட்டு மாமி வழக்கமாக அடுக்களை வரைக்கும் வந்து வம்பு பேசுகிறவள். இப்போது வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். மூக்கை உயர்த்தி ஆழமாக ஒரு தடவை இழுத்துவிட்டு, "என்ன மாமி, வீட்ல புதுசா பரீட்சணமோ?" என்றாள். எதைக் கேட்கிறாள் என்று புரியவில்லை. புரியவில்லை என்று காட்டிக்கொள்ளவும் முடியாது. "ஆமாம்" என்று சிரித்து வைத்தேன். ஸ்ரீவராகத்தில் ஒரு "ஆமாம்" போதும். மாமி வீட்டில் புது வகைக் காப்பிக்கொட்டையை ஊறப்போட்டுப் பழுக்க வைத்துப் பார்க்கிறாள் என்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் முதலாளி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"மாமி, வீட்டில ஏதோ புதிய காப்பி பழுக்க வெச்சிருக்குன்னு எல்லாரும் பறயுது. என்கிட்ட ஒரு வார்த்தை பறஞ்சில்லல்லோ."

தன்னிடம் சொல்லவில்லையே என்று அவருக்கு வருத்தம். அதற்கும் ஆமாமா இல்லையா என்று தெரியாமல், "நேரம் வரும்போது சொல்றேன்" என்றேன். அவருக்கு ஆசை தாங்கவில்லை. அன்று மத்தியானமே, ஏதோ மாதிரிக் கொட்டையைக் கொடுக்கிற சாக்கில் பாக்கெட் பெண்ணை என் வீட்டுக்கு அனுப்பினார்.

அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சாதாரணமாக, "யக்கா, மேல பெருச்சாளி செத்துக் கெடக்கு" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சா உள்ள இருக்கீய?"

நான் வாசலை விட்டு விலகினேன். அவள் உள்ளே வந்து மாதிரிப் பையை ஊஞ்சல் மேல் வைத்தாள்.

"ஒங்களுக்கு மணமே தெரியாதுல்லா? மூணு மாசமா எம் மூஞ்சியப் பாத்துத்தான எழுதுதீய."

உட்கார்ந்துவிட்டேன். அவமானமாக இருந்தது. கோபம்கூட வந்தது, எல்லாம் தெரிந்துகொண்டு இத்தனை நாள் எனக்கு மூஞ்சியைக் காட்டிக்கொண்டு இருந்தாளே என்று. "ஏன் யார்கிட்டயும் சொல்லலை?" என்று கேட்டேன். "என் மூஞ்சிய யாராவது பாக்காவளேன்னு இருந்துச்சு" என்றாள். சொல்லிவிட்டு ஏணியைக் கேட்டு வாங்கி மச்சில் ஏறினாள். முறத்திலும் பழைய பேப்பரிலுமாக வாரிக்கொண்டு வந்து, வேப்பமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தாள். இருவருமாக வீட்டை மூன்று தடவை கழுவினோம். பன்னிரண்டு நாளாவது ஆகியிருக்கும் என்றாள். பன்னிரண்டு நாள் ஒரு தெருவே என் வீட்டு நாற்றத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது. அந்த மூக்கு குடியிருக்கிற வீட்டில் காரணமில்லாமல் நாறுமா என்ற நம்பிக்கை.

அன்று மறுபடியும் செவ்வாய்க்கிழமை, லைப்ரரி நாள். என் கணவர் நாலு மணிக்குத் திரும்பி வந்தார். கூடத்தில் கால் வைத்தவர் அப்படியே நின்றார். ஒரு தடவை மூச்சை இழுத்தார். திரும்பவும் இழுத்தார். ஒவ்வொரு அறையாகப் போய் இழுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு நீல மூடிப் புட்டியை எடுத்து ஊஞ்சல் பலகை மேல் வைத்தார்.

என் மருந்து. துவரம்பருப்பு டப்பா வரைக்கும் போய்விட்டார். இனி மறைத்துப் பயனில்லை.

"தப்புதான். ஜூன்லேர்ந்து" என்றேன்.

"என்ன ஜூன்? இது என்னோட மருந்தாக்கும்."

அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது. வீட்டில் பிண நாற்றம் அடிப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஊர் கும்பிடுகிற மூக்கு பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுகிறது. கேட்டால் சாம்பிராணி நன்றாக இருக்கிறது என்கிறது. அப்படியானால் கோளாறு தன்னிடம்தான் என்று லைப்ரரி பெயரைச் சொல்லிக்கொண்டு மூக்கு டாக்டரிடம் போயிருக்கிறார். என்னுடைய அதே டாக்டர். மணமே இல்லாதவளுக்கும் இல்லாத மணம் வருகிறவருக்கும் அந்த மனுஷன் ஒரே மருந்தை எழுதியிருக்கிறார். அதோடு, தலைக்குள் ஏதாவது வளர்ந்திருந்தாலும் இப்படி வரலாம், வருகிற திங்கட்கிழமை ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

"இப்போ போயிடுத்து. மருந்து பிடிச்சுடுத்து" என்றார். ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்துகொண்டார். "பயந்துட்டேண்டி. உன்கிட்ட எப்படிப் பறையறதுன்னு தெரியலை."

மறைக்காமல் எழுதுகிறேன், ஒரு நொடி எனக்கு ஓர் எண்ணம் வந்தது. மருந்து பிடித்துவிட்டது என்றே இருக்கட்டும். அவருக்கும் சந்தோஷம், என் நாற்காலியும் பிழைக்கும். பிறகு கேஸ் புத்தகம் ஞாபகம் வந்தது. இந்த மனுஷன் சாகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு எனக்குக் கரண்ட் பில் கட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார். நான் காசிக்கா என்று கேட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் சொன்னேன். வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குழியைக் காட்டினேன்.

அவர் கோபப்படவில்லை. குழியைப் பார்த்துக்கொண்டே நின்றவர் சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்த முடியவில்லை. அடுத்த வீட்டு மாமி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னாச்சு?" என்றாள். "எனக்கு ஒண்ணுமில்லை மாமி, பெருச்சாளிக்காக்கும்" என்றார். அன்று இரண்டு தடவை மோர் சாதம் வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை ருசி மேசையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். கரண்டியைத் துடைத்துப் பாக்கெட் பெண்ணின் கையில் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தாள், ஒரு தயக்கமும் இல்லாமல். முதலாளி என்னைத் தனியே அழைத்தார். பிறகு தாழ்ந்த குரலில், "மாமி, அட்டையில எழுதின அந்த ஆரஞ்சு மணம் எனக்கும் ஒரு நாளும் கிட்டியிட்டில்லை. நிங்கள் பறஞ்சதுகொண்டு நான் தலையாட்டினதுதான்" என்றார். "அது போகட்டே. காலி டப்பா மட்டும் நிறுத்தண்டா, அது வேணும்" என்று கேட்டுக்கொண்டார். இப்போது அவள் முகர்ந்து சொல்கிறாள், நான் எழுதுகிறேன். அவள் வேஷ்டி, பிரகாரம் என்றெல்லாம் சொல்வதில்லை. "கருப்பட்டி", "ஈரச் சாக்கு", அவ்வளவுதான். அட்டைக்கு முன்பிருந்த கிராக்கி இல்லை. என் மூக்கு இன்றுவரை திரும்பவில்லை. என் முகத்தை இப்போது யாரும் பார்ப்பதில்லை. அது வலிக்கத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். பத்து நாள் கழித்து ஒரு காலையில் என் கணவர் காப்பி கொண்டுவந்து வைத்தார். ஓய்வு பெற்றதிலிருந்து காலைக் காப்பி அவர்தான் போடுவார். வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"ஜூனுக்கு முன்னாடி டெய்லி என் காப்பியைக் குத்தம் பறைவாய். பால் தீஞ்சுடுத்து, டிகாக்ஷன் தண்ணின்னு."

"ஆமாம்."

"அப்பறம் ஒரு நாளும் பறஞ்சதில்லை. பேஷா இருக்கு, பேஷா இருக்குன்னே. நான் கத்துண்டுட்டேன்னு நினைச்சேன்." டம்ளரையே பார்த்துக்கொண்டு சொன்னார். "அக்காகிட்ட போன்லகூடப் பறஞ்சேன்."

தலைக்குள் கட்டி இருக்குமோ என்று பயந்ததைச் சிரித்துத் தள்ளிய மனுஷன். இதற்கு அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "நன்னாவும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது" என்றேன். "இருந்திருக்கலாம்" என்று அவரும் சொன்னார்.

மறுநாளும் அதே நேரத்துக்குக் காப்பி வந்தது. முன்பெல்லாம் நான் முதல் வாய் குடித்து ஏதாவது சொல்கிற வரைக்கும் கதவோரம் நிற்பார். அன்று வைத்த கையோடு பேப்பரை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். நான் குடித்தேன். டம்ளரோடு எழுந்து கூடத்துக்குப் போனேன்.

"சூடு சரியா இருக்கு" என்றேன்.

அவர் பேப்பரைத் தாழ்த்திக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இது நிஜமோ?" என்று கேட்டார்.